விடுதியை மூடிய ஜெபம்

மார்ச் 8, சனி

பள்ளி நிர்வாகக் குழுவில் எனக்கு இது மூன்றாவது கூட்டம். வாலிபர் பிரதிநிதி என்று சபையில் என் பெயரைப் போட்டுவிட்டார்கள். எனக்கு அடுத்த இளையவருக்கு ஐம்பத்தெட்டு வயது.

ஆண்டு விழா மேடையில் யாருக்கு எந்த நாற்காலி என்பதற்கு ஒரு மணி நேரம். டீ, மிக்சர். கடைசியில், எல்லோரும் செருப்பைத் தேடுகிற நேரத்தில், பெண்கள் விடுதி. தாளாளர் தேவசகாயம் வங்கி மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், பள்ளிக்கூடத்தையும் கிளை அலுவலகம் மாதிரியே நடத்துகிறார். அவர் சொன்னார்: "போர் கெணறு வத்திப்போச்சு. நாப்பது பிள்ளைங்களுக்கு லாரித் தண்ணி வாங்கி மாளலீங்க. ஜூன்ல இருந்து விடுதிய நிறுத்திட்டு, கட்டடத்த நீட் கோச்சிங்காரங்களுக்கு விட்றலாம்."

போர் எத்தனை அடி, மோட்டார் எத்தனை அடியில் தொங்குகிறது என்று கேட்டேன். யாருக்கும் தெரியவில்லை. திருச்செங்கோட்டில் போர் போடும் ரிக் வண்டிகளைப் பழுதுபார்க்கிற பட்டறையில் எனக்குத் தினமும் இதே வேலை. வற்றிவிட்டது என்று சொல்வதற்கு முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி அதுதான்.

"தம்பி, இது உங்க பட்டறை இல்லீங்க," என்றார் தாளாளர். சிரித்தார்கள். பிறகு, "நேரமாச்சு, ஜெபம் பண்ணி முடிச்சுக்குவோம்."

முடிவு எதுவும் எடுக்கவில்லை. அடுத்த கூட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

முடிவெடுத்துவிட்டார்களாம்.

விடுதி வார்டன் மஞ்சுளா டீச்சர் போன் செய்தார். பெற்றோரிடம் சொல்லிவிடும்படி தாளாளர் உத்தரவு. "ஏன் கண்ணு, நீயும் ஒத்துக்கிட்டியாமே?"

நான் எங்கே ஒத்துக்கொண்டேன்? ஓட்டெடுப்பு எங்கே நடந்தது?

தாளாளருக்குப் போன் போட்டேன். நிதானமாகச் சொல்கிறார்: "கடைசி ஜெபத்துல சொன்னேனே தம்பி. விடுதிய நிறுத்த எங்கள ஒருமனப்படுத்தினதுக்காக ஸ்தோத்திரம்னு. எல்லாரும் ஆமென் சொன்னாங்க. நீங்களுந்தான்."

சொல்லித்தான் இருப்பேன். கண்ணை மூடிக்கொண்டு, கோயமுத்தூரிலிருந்து வரவேண்டிய ஹைட்ராலிக் ஹோஸ் வந்ததா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். பிறந்ததிலிருந்து ஜெபம் முடிந்தால் வாயில் ஆமென் வரும், தும்மல் மாதிரி. அதைப் போய் ஓட்டாக எண்ணுவார்களா?

எண்ணுவார்களாம். எப்போதுமே அப்படித்தானாம். அப்பாவும் இதே குழுவில் ஆறு வருஷம் உட்கார்ந்தவர். "எதுத்துப் பேசறதுன்னா ஜெபத்துக்கு முன்னால பேசிறணும்டா. ஜெபம் முடிஞ்சா எல்லாம் முடிஞ்சுது." முன்னாலதானே பேசுனேன். பட்டறைன்னு சிரிச்சானுங்களே.

மார்ச் 12

வேலையில் மனம் ஓடவில்லை. ஒரு வால்வைத் தலைகீழாகப் பொருத்திவிட்டேன்.

மார்ச் 22, சனி

விடுதிக்குப் போனேன். மோட்டாரை ஓடவிட்டுப் பார்த்தேன். பத்து நிமிஷம் தண்ணீர், பிறகு வெறும் காற்று. நிறுத்தி வைத்துவிட்டு மறுபடி போட்டால் மறுபடியும் கொஞ்சம் தண்ணீர். வற்றின போர் இப்படி நடந்துகொள்ளாது. தண்ணீர் கீழே போயிருக்கிறது, மோட்டார் மேலேயே தொங்குகிறது. ராசிபுரம் பக்கம் கோடை வந்தால் எல்லாத் தோட்டத்திலும் பைப்பைக் கூட்டி மோட்டாரை இறக்குகிறார்கள். இங்கே கூட்டம் போட்டு விடுதியை மூடுகிறார்கள்.

டீச்சர் ஒரு பெண்ணைக் காட்டினார். அபிநயா, ஒன்பதாம் வகுப்பு. அப்பா அம்மா நாமக்கல் தாண்டி ஒரு கோழிப்பண்ணையில் தங்கி வேலை செய்கிறவர்கள். குடியிருப்பது பண்ணைக்குள்ளேயே ஓர் அறை. பள்ளிக்கூடம் பக்கத்தில் இல்லை, பஸ்ஸும் இல்லை. விடுதி மூடப்போகிறது என்று தெரிந்ததும் பண்ணைக்காரர் கேட்டுவிட்டாராம், பிள்ளை இங்கே வந்தால் முட்டை பொறுக்க ஆகுமே என்று.

அவள் என்னிடம் வந்து கேட்டாள்: "பத்தாவது புக்கு இப்பவே வாங்கிக்கலாங்களாண்ணா? அங்க வெச்சுப் படிச்சுக்குவேன்."

 டீச்சர் முகத்தைப் பார்த்தேன். அவர் துணி காயப்போடப் போய்விட்டார்.

மார்ச் 23, ஞாயிறு

ஆராதனை முடிந்து தாளாளரை மடக்கினேன். மோட்டாரை இறக்கிப் பார்க்கலாம் என்றேன். "நாப்பதுல நம்ம சபைப் பிள்ளைங்க நாலே பேருதான் தம்பி. மிச்சமெல்லாம் வெளியாளுங்க." இந்த விடுதியைக் கட்டின காலத்தில் சபையே நாலு குடும்பம்தான். அதைச் சொன்னேன். கை கொடுத்துவிட்டுப் போய்விட்டார். கோபம் வந்தால் கை கொடுப்பார், வங்கிப் பழக்கம்.

ஏப்ரல் 4, வெள்ளி

வெள்ளியங்கிரி அண்ணனிடம் பேசினேன். எங்கள் பட்டறையில் ரிக் வண்டியை வேலைக்கு விடுகிறவர். விடுதிப் போரைப் போட்டதே அவர் வண்டிதானாம். "எழுநூறு அடி போட்டோம் சாமி. முந்நூறுல மோட்டார உட்டுட்டு வத்திப்போச்சுங்கறாங்களா?" வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பட்டறையில் கிடக்கிற பெரிய மோட்டாரைத் தருகிறேன், இறக்கிக் கொடுங்கள் என்றேன். கோடை சீசன், அவருக்கு மூச்சுவிட நேரமில்லை. "அடுத்த வாரம் ஞாயித்துக்கிழமைன்னா வாரேன்."

சரி என்றேன். தாளாளரிடம் அனுமதி கேட்கப் போவதில்லை. கேட்டால் ஜெபம் பண்ணுவார். டீச்சர் கேட்டைத் திறந்துவிட்டால் போதும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

எந்த ஞாயிறு என்று நான் பார்க்கவில்லை. டீச்சராவது சொல்லியிருக்கலாம். அவரும் தண்ணீர் நினைப்பில் இருந்திருக்கிறார்.

குருத்தோலை ஞாயிறு. சபை முழுவதும் ஓலை பிடித்துப் பாடிக்கொண்டு பள்ளி வளாகத்தைச் சுற்றி வருகிற ஒரே நாள்.

ஐநூற்றுச் சொச்சம் அடியில் மோட்டாரை நிறுத்தி, முதல் சேறு வெளியே போகட்டும் என்று பைப்பை வெட்டவெளியில் திறந்துவிட்டு சுவிட்ச் போட்டோம். கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு அடியிலிருந்து ஓர் உறுமல். செம்மண் குழம்பு ஆள் உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. ஓசன்னா பாடிக்கொண்டு பவனி விடுதி முனையில் திரும்பியது அதே நேரத்தில். முன்னால் ஆயர், வெள்ளை அங்கி. பக்கத்தில் தாளாளர், வெள்ளைச் சட்டை, வெள்ளை வேட்டி.

பிள்ளைகள் ஓலையோடு சேற்றுக்குள் ஓடினார்கள். பெரியவர்கள் அப்படியே நின்றார்கள். வெள்ளியங்கிரி அண்ணனுக்கு ஒன்றும் புரியவில்லை. "தண்ணி வந்துருச்சுங்க. செத்த இருங்க, தெளிஞ்சிரும்," என்று ஆயரிடமே சொன்னார்.

தெளிந்தது. மத்தியானம் வரை நிற்காமல் ஓடியது. அதைப் பார்க்க ஒருவர்கூட இல்லை.

ஏப்ரல் 15, செவ்வாய்

எத்தனை போன். ஒருவரும் தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. ஓய்வுநாள், ஓய்வுநாள், ஓய்வுநாள். "பரிசுத்த நாள்ல வண்டியக் கொண்டாந்து நிறுத்திட்டியே." அம்மா என்னோடு பேசவில்லை.

கேட்டைத் திறந்ததற்கு விளக்கம் கேட்டு மஞ்சுளா டீச்சருக்கு மெமோ. எனக்கு வரட்டும், எனக்கென்ன. அவருக்கு ஓய்வு பெற இரண்டே வருஷம். ஒரு திங்கட்கிழமைக்கு வெள்ளியங்கிரி அண்ணன் காலைப் பிடித்திருந்தால் முடிந்திருக்கும். ஏன்டா உனக்கு இவ்வளவு அவசரம்?

ஏப்ரல் 26, சனி

சிறப்புக் கூட்டம். விஷயம் நான்தான்.

தண்ணீர் வந்துவிட்டது, இனி விடுதியை ஏன் மூட வேண்டும் என்று கேட்டேன். "தண்ணி இப்ப விஷயமில்ல," என்றார் தாளாளர். அது எப்போதுமே விஷயமாக இருந்ததில்லை. கோச்சிங்காரர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான்.

"பொய்ய ஜெபத்துல வெச்சுச் சொல்ல வாய் கூசலீங்களா?" என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆயர் தலையைக் குனிந்துகொண்டார். ஒருவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

தாளாளர் எழுந்து நின்று கண்ணை மூடி ஆரம்பித்தார்: ஒழுங்கை மீறினவர்களை விலக்கவும், ஏற்கெனவே எடுத்த தீர்மானத்தை நிறைவேற்றவும் எங்களுக்குக் கிருபை செய்ததற்காக...

"ஐயா, நிறுத்துங்க."

சாலம்மாள் அக்கா. மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவர். குழுவில் ஒரே பெண். இதுவரை டீ ஆறிவிட்டது என்பதைத் தவிர எதுவும் பேசி நான் கேட்டதில்லை. ஜெபத்துக்கு நடுவில் பேசுகிறார்.

"கண்ணத் தொறங்க. ஆண்டவருக்கு அப்புறம் சொல்லிக்கலாம், மொதல்ல எங்களக் கேளுங்க. எத்தன வருசமா நானும் கண்ண மூடிட்டே கையெழுத்துப் போட்டுட்டு இருக்கறன். விடுதி வேணுங்கறவங்க கையத் தூக்கட்டும்."

தூக்கினார். நானும் தூக்கினேன். வெகுநேரம் கழித்து ஆயர், தோள் உயரத்துக்கு. பிறகு இன்னும் இரண்டு பேர். ஐந்துக்கு ஐந்து. மிச்சம் தாளாளர்.

அவர் கையைத் தூக்கவில்லை, பேரம் பேசினார். நான் சபை முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும், குழுவிலிருந்து விலக வேண்டும். அப்படியென்றால் மெமோவை வாபஸ் வாங்குவார், விடுதி இந்த வருஷம் நடக்கும். "யோசிக்க நேரம் வேணுங்களா தம்பி?"

வேண்டாம் என்றேன். அங்கேயே ஒத்துக்கொண்டேன்.

மே 4, ஞாயிறு

"ஓய்வுநாளில் வேலை செய்தது தவறு. மன்னித்துக்கொள்ளுங்கள்." அவ்வளவுதான் சொன்னேன். தண்ணீரைப் பற்றி ஒரு வார்த்தை சேர்க்க நாக்கு துடித்தது. மூன்றாவது வரிசையிலிருந்து மஞ்சுளா டீச்சர் முறைத்தார். உட்கார்ந்துவிட்டேன்.

தாளாளர் வந்து கட்டிப்பிடித்தார். "பெரிய மனசு தம்பி உங்களுக்கு." பவனியில் சேறு தெறித்த அந்தச் சட்டையில் செம்மண் கறை போகவேயில்லை. ஒரே ஆறுதல்.

மே 19

போன் வந்தாலே வெட்டிவிடுகிறேன். பட்டறை உண்டு, நான் உண்டு.

ஜூன் 2, திங்கள்

பள்ளி திறந்தார்கள். மோட்டார் ஸ்டார்ட்டர் அடிக்கடி விழுந்து நின்றுவிடுகிறது என்று டீச்சர் கூப்பிட்டதால் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போனேன்.

போர்டைத் திறந்து வயரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஒரு தகரப் பெட்டியையும் ஓர் அட்டை முட்டையையும் தூக்கிக்கொண்டு ஓர் அம்மாள் வந்தார். பின்னால் அபிநயா. என்னைப் பார்த்துத் தலையை ஆட்டிவிட்டு மாடிக்கு ஓடினாள்.

"ஏனுங்க சாமி, கமிட்டிக்காரங்க ஆராச்சும் இருக்காங்களா? புள்ளைய மறுபடி சேத்துக்கிட்டாங்க. ஒரு வார்த்த சொல்லிட்டுப் போலாம்னு."

தாளாளர் அறையைக் காட்டினேன்.

"நீங்க இங்க என்ன வேலைங்க?"

"மோட்டார் பாக்கறவனுங்க."

"அப்புடீங்களா," என்று சொல்லிவிட்டுப் போனார். ஜன்னல் வழியே தெரிந்தது. கையெடுத்துக் கும்பிட்டார். தாளாளர் எழுந்து நின்று, எல்லாம் மேலே இருக்கிறவர் செயல் என்பது போல ஒரு விரலைத் தூக்கிக் காட்டினார். பிறகு முட்டையை வாங்கி மேஜைக்குக் கீழே வைத்துக்கொண்டார்.

கோபம் வந்தது. எழுதுகிற இந்த நேரத்திலும் இருக்கிறது. உள்ளே போய் நாலு கேள்வி கேட்டுவிடலாம் என்று ஸ்க்ரூடிரைவரோடு இரண்டு படி ஏறியும் விட்டேன்.

மாடியிலிருந்து அபிநயா எட்டிப் பார்த்துக் கத்தினாள்: "அண்ணா, தொட்டி ரொம்பி வழியுதுங்க."

திரும்பி வந்து மோட்டாரை நிறுத்தினேன்.