மஞ்சள் மூடித் தொட்டி

அம்மா,

பரீட்சைக்குக் கிளம்புகிறேன், உன்னை எழுப்பவில்லை. பூசணி சூப் அடுப்பில் இருக்கிறது, சூடாக்கிச் சாப்பிடு. லாமிங்டன் கேக் ஹெஸ்டருக்கு, தொடாதே.

அவர் மூன்று மணிக்கு வருகிறார். மறுசுழற்சிக் கொள்கை பற்றிய உன் புத்தகத்துக்கு உதவித்தொகையை இன்னும் ஒரு வருடம் நீட்டலாமா என்று பார்க்கத்தான் வருகிறார். அதனால் சொல்கிறேன்: காலையில் நம் மஞ்சள் மூடி மறுசுழற்சித் தொட்டியைக் குப்பை வண்டி எடுக்கவில்லை. உள்ளே போடக்கூடாத பிளாஸ்டிக் ரொட்டிப் பைகள், மேலே எச்சரிக்கை ஸ்டிக்கர். பைகள் நீ போட்டவை.

பக்கத்து வீட்டு டூகல் ஸ்டிக்கரை நிதானமாகப் படித்துவிட்டு, "ஏம்ப்பா, உங்கம்மாதானே இதுக்கு புக் எழுதுறாங்க?" என்றார்.

"ஆமாங்க, கள ஆய்வு நடக்குது" என்றேன்.

தொட்டியைக் கொட்டகைக்குப் பின்னால் ஒளித்துவிட்டேன்.

ஆங்கஸ்

பி.கு. யோசித்துவிட்டு, மறுபடி வாசலுக்கே இழுத்து வந்துவிட்டேன். உன் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் மனுஷர்களே இல்லை என்று நேற்று நான் சொன்னதற்குத்தானே சாப்பிடாமல் படுத்தாய்? விதியெல்லாம் மனப்பாடமாகத் தெரிந்தவளே பையைத் தவறான தொட்டியில் போடுகிறாள் என்றால், எழுத வேண்டியது அதைத்தான். ஹெஸ்டர் ஸ்டிக்கரைப் பார்க்கட்டும். கேட்டால், "நான்தான் போட்டேன்" என்று சொல்லிவிட்டு அங்கிருந்தே ஆரம்பி.