உள்ளூர் ஓட்டலில் அப்பாவின் ஓய்வு

தூத்துக்குடி
1949 அக்டோபர் 27

அன்புள்ள மகள் லீதியாளுக்கு அம்மா எழுதுவது. நான் சுகம். அப்பாவும் சுகம் என்று எழுதத்தான் கை போகிறது, ஆனால் அந்த ஒரு வார்த்தையை எழுதலாமா கூடாதா என்பதுதானே உன் கேள்வியே. ஓட்டலில் தங்கி ஓய்வெடுத்தது அப்பாவுக்கு நன்மை செய்ததா இல்லையா, சுற்றி வளைக்காமல் ஒரே வார்த்தையில் எழுதுங்கள் என்று டெல்லியிலிருந்து டாக்டருக்குரிய மிடுக்கோடு கேட்டிருக்கிறாய். யோசித்துப் பார்த்துவிட்டேன். ஒரு வார்த்தைக்குள் அது அடங்கவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், உன் படிப்புக்கு ஏதாவது தென்பட்டால் எனக்கும் எழுது.

ஞானதீபம் டாக்டர் என்ன சொன்னார் என்பது உனக்குத் தெரியும். நெஞ்சுத் துடிப்பு நடுநடுவே தவறுகிறது, மருந்து இரண்டாம் பட்சம், முதலில் இந்த மனுஷன் தூங்க வேண்டும், நாலு நாளாவது ஒருவரும் இவரிடம் பேசக்கூடாது என்றார். போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அடுத்த தடவ நான் பையத் தூக்கிட்டு வந்து சேருற வரைக்கும் இந்த நெஞ்சு காத்திருக்கும்னு நெனைக்காதிய" என்றார். அன்று முதல் எனக்கும் தூக்கம் இல்லை. நம் வீட்டில் எப்படி ஓய்வு கிடைக்கும்? மனு எழுதித்தரக் கேட்கிறவனும் மாப்பிள்ளை விசாரிக்கிறவனும் சபைக் கணக்கில் சந்தேகம் கேட்கிறவனும் விடிந்தது முதல் வாசலில் நிற்கிறார்கள். கொடைக்கானல் போகச் சொல்லி நீ எழுதினாய். மதுரையில் உன் சித்தப்பா வீட்டில் இறங்காமல் போனால் பாவம், இறங்கினால் அங்கே ஒரு கூட்டம். பக்கத்தில் நாசரேத்துக்குப் போனால் ஊரே சொந்தம். ஆக, எங்கே சொந்தக்காரர்கள் இல்லையோ அங்கேதான் ஓய்வு, ஓட்டலில் சொந்தக்காரர்கள் இருக்கமாட்டார்கள், ஆகவே ஓட்டல் என்று முடிவு செய்தேன். பி.ஏ.யில் தர்க்க சாஸ்திரம் படித்தவள் நான், அதில் எங்கே பிழை என்று இன்றைக்கும் எனக்குப் புலப்படவில்லை. பீச் ரோட்டில் கொழும்புக் கப்பலுக்குப் போகிறவர்கள் தங்குகிற மாடிக் கட்டடத்தை உனக்கு ஞாபகம் இருக்கும். நம் வீட்டிலிருந்து நடந்தே போகலாம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடலைப் பார்த்த அறை ஒன்றை எடுத்தோம். அறைக்கு இரண்டு கதவு. ஒன்று கூடத்துக்கு, மற்றது பின்புறம் கடற்கரைக்கு இறங்கும் படிக்கு. பெட்டிகளைத் தோணிக்குக் கொண்டுபோக அப்படிக் கட்டியிருக்கிறார்கள்.

அந்த ஓட்டலின் மானேஜர் சங்கரலிங்கம் நல்ல மனிதர். எந்தக் கப்பலுக்கு என்று கேட்டார். கப்பல் இல்லை, இளைப்பாற வந்திருக்கிறோம் என்றேன். எங்கிருந்து என்றார். இதே ஊர்தான் என்றேன். எங்கள் பெட்டியை ஒரு தரம் பார்த்துவிட்டுச் சாவியைக் கொடுத்தார். மறுநாள் விடியுமுன் கதவைத் தட்டி, "ஐயா, கப்பல்ல சங்கு ஊதிட்டான், எந்திரிங்க" என்று எழுப்பினார். போகிறவர்கள் நாங்கள் இல்லை என்று சொல்லி அனுப்பினேன். மத்தியானம் அப்பா கண்ணயர்ந்த நேரத்தில் வேறொரு கப்பல் சங்கு ஊதிவிட்டது, திரும்பவும் வந்து தட்டினார். எனக்குக் கோபம் வந்தது. அவர் அதைவிட வருத்தப்பட்டு, "நாப்பது வருசமா ஒருத்தரைக்கூட நாங்க தூங்கவிட்டதில்ல தாயி, எங்களுக்கு அதுதான் பேரு" என்றார்.

இதுவாவது பரவாயில்லை. வீட்டுச் சாவியைப் பக்கத்து வீட்டுத் தங்கத்தாயிடம் கொடுத்திருந்தேன். யாரிடமும் சொல்லாதே என்று நான் அவளிடம் சொல்லவில்லை. உள்ளூர்க்காரர்கள் உள்ளூர் ஓட்டலில் தங்குவதில் மறைக்க என்ன இருக்கிறது என்று நினைத்தேன். இந்த ஊரில் இத்தனை வருஷம் குடியிருந்த எனக்கு அது தெரிந்திருக்க வேண்டும். சனிக்கிழமை பத்து மணிக்குள் ஊருக்குள் மூன்று கதை ஓடியிருக்கிறது. உன் படிப்புக்காக வீட்டை விற்றுவிட்டோம் என்பது ஒன்று. வீட்டுக்குள் நல்லபாம்பு புகுந்துவிட்டது என்பது மற்றொன்று. மூன்றாவது, அப்பாவுக்கும் எனக்கும் மனத்தாங்கல். மனத்தாங்கல் என்றால் ஏன் இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்கிறோம் என்று ஒருவரும் யோசித்ததாகத் தெரியவில்லை. ஆனால் எந்தக் கதையை நம்பினாலும் எல்லாரும் செய்தது ஒன்றுதான், துக்கம் விசாரிக்க வந்தார்கள். முதலில் வந்தது உன் ஜெயபாய் அத்தை. அறைக்குள் காலை வைத்ததும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஏளா, கூடப்பொறந்தவ நான் இதே ஊர்ல உசிரோட இருக்கையில என் தம்பி ஓட்டல் கட்டில்ல படுக்கணுமா, நான் அவனுக்கு அப்படி என்ன கொற வச்சேன்" என்று கேட்டாள். குறை ஒன்றும் இல்லை மதினி, டாக்டர் சொன்ன ஓய்வு என்றேன். அப்படியானால் ஓய்வெடுக்க நானும் கூட இருக்கிறேன் என்று பாயும் தலையணையுமாக வந்துவிட்டாள். அவள் வந்ததைக் கேட்டு மற்றவர்களுக்கும் ரோஷம். சொந்தம் இருக்கும்போது ஓட்டல் சோற்றைத் தின்னவிட்டோம் என்ற பேர் வேண்டாம் என்று ஆளுக்கொரு டிபன் காரியர் வந்தது. ரேஷன் அரிசிக் காலத்தில் இவ்வளவு சோற்றை நான் ஒரே இடத்தில் பார்த்ததில்லை. கூடத்தில் இலை போட்டு, ஓட்டலில் தங்கியிருந்த கொழும்புப் பிரயாணிகளுக்கும் பரிமாறினார்கள். சங்கரலிங்கம் என்னிடம் வந்து, "அம்மா, நீங்க ஓட்டல்ல தங்கிருக்கியளா, இல்ல ஓட்டல் உங்க வீட்டுல தங்கிருக்கா" என்று மெதுவாகக் கேட்டுவிட்டு, அவரும் ஒரு இலையில் உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபையில் பாதிப்பேர் நேரே இங்கே வந்துவிட்டார்கள். எங்கள் இருவர் மனமும் ஒன்றுபட வேண்டும் என்று பாதிரி ஐயர் உருக்கமாக ஜெபம் செய்தார். கண்ணை மூடியிருந்த அப்பா ஆமென் சொல்ல மறந்ததை எல்லாரும் கவனித்தார்கள். அவர் தூங்கிவிட்டார் என்று எனக்குத்தான் தெரியும், அதற்குள் பாட்டு ஆரம்பித்து எழுப்பிவிட்டார்கள். பிறகு உப்பளம் செல்வதுரை அண்ணாச்சி, எந்தத் தம்பிமேல் வாய்க்கால் தகராறோ அந்தத் தம்பியோடு ஒரே குதிரை வண்டியில் வந்து இறங்கினார். சார் பேசக்கூடாது என்று சொன்னேன். "பேச வேண்டாம் டீச்சர், சார் படுத்துக்கிட்டே கேக்கட்டும், தீர்ப்ப மட்டும் ஒரு வார்த்தையில சொன்னாப் போதும்" என்றார். சாயங்காலம் வரை கேட்டார் அப்பா. ஒரு கட்டத்தில் அவர் வலது கை சட்டைக்குமேல் இடது மார்பை அழுத்துவதைப் பார்த்தேன். முகம் உப்புப் படிந்த மாதிரி வெளுத்திருந்தது. டாக்டர் சொன்னது என் காதில் திரும்பக் கேட்டது. லீதியாள், அந்த நிமிஷம்போல் நான் பயந்தது இல்லை.

எல்லாரையும் வெளியே அனுப்பினேன். இவர் தூங்கப்போகிறார், கதவைத் தட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள் மதினி என்று உன் அத்தையிடம் சொன்னேன். அவள் நாற்காலியைக் கதவுக்குக் குறுக்கே போட்டு உட்கார்ந்துகொண்டாள். உள்ளே தாழ் போட்டேன். அப்பாவைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். ஊர் முழுக்க ஓட்டலில் இருக்கிறது என்றால் நம் வீட்டில் இப்போது யார் இருக்கிறார்கள் என்று மெதுவாகக் கேட்டேன். அவர் செருப்பைத் தேடினார். பின்கதவால் படியிறங்கி, செல்வதுரை அண்ணாச்சி வந்த வண்டியிலேயே ஏறி வீட்டுக்குப் போனோம். யாரிடமும் சொல்லாதே என்று இந்தத் தடவை வண்டிக்காரனிடம் மறக்காமல் சொன்னேன். சாவியோ தங்கத்தாயிடம், தங்கத்தாயோ ஓட்டல் கூடத்தில். கொல்லைக் கதவின் இடுக்கில் குடைக் கம்பியை விட்டுத் தாழ்ப்பாளைத் தள்ளி, என் சொந்த வீட்டுக்குள் திருடி மாதிரி நுழைந்தேன். அப்பா முருங்கை மரத்தைப் பிடித்துக்கொண்டு சத்தமில்லாமல் சிரித்தார். அவர் சிரித்து எத்தனையோ மாதம் ஆகிறது. வாசலில் பூட்டு தொங்கியபடியே இருந்தது, ஒருவரும் வரவில்லை. விளக்குப் போடாமல் கஞ்சி வைத்துக் கொடுத்தேன். படுத்தவர்தான்.

மறுநாள் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். திங்கட்கிழமை வெயில் ஏறிய பிறகுதான் எழுந்தார். முகம் தெளிந்திருந்தது, நானே கையைப் பிடித்து நாடி பார்த்தேன், தவறாமல் ஓடியது. கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னேன். காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டு யாரும் வரவில்லையா என்று கேட்டார். இல்லை என்றேன். நல்லது என்றார். குளித்துவிட்டு வந்து, கதவை யாரோ தட்டின மாதிரி இருந்ததே என்றார். ஒருவரும் தட்டவில்லை. பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு ஜன்னல் பக்கம் நாற்காலியை நகர்த்தினார். மத்தியானம் சரியாகச் சாப்பிடவில்லை. நாலு மணிக்குச் சட்டையை மாட்டிக்கொண்டு, "பாவம் அக்கா, ராத்திரியெல்லாம் உக்காந்திருப்பா" என்று சொல்லிக் கொல்லைப் பக்கமாக இறங்கிப் போனார். நான் தடுக்கவில்லை. கடற்கரைப் படியேறி அறைக்குள் போய், தாழை நீக்கிக் கூடத்துக் கதவைத் திறந்திருக்கிறார். எல்லாரும் எழுந்து நின்றார்களாம். நாங்கள் நிறுத்த மறந்துபோன மின்விசிறி கர் கர் என்று ஓடிக்கொண்டிருந்ததை உன் அத்தை அவருடைய குறட்டை என்று வந்தவர்களையெல்லாம் கதவில் காதை வைத்துக் கேட்கச் சொல்லியிருக்கிறாள். விடியற்காலையில் கப்பலுக்கு எழுப்ப வந்த சங்கரலிங்கத்தைத் துரத்தியும் விட்டிருக்கிறாள். அங்கேயே ஞானதீபம் டாக்டர் வந்து பரிசோதித்து, துடிப்பு சீராகிவிட்டது என்றும், ஓட்டல் வாசம் இவ்வளவு ஒத்துக்கொள்ளும் என்று தாமே எதிர்பார்க்கவில்லை என்றும், கிறிஸ்துமஸ் முடிந்ததும் இன்னொரு தடவை இதே அறையில் தங்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறார். செல்வதுரை அண்ணாச்சியின் வாய்க்காலுக்கும் அன்றைக்கே தீர்ப்பாயிற்று. அப்பா இருட்டின பிறகு சந்தோஷமாக வந்து என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார். அதுவரை நான் வாசலில் பூட்டுத் தொங்குகிற வீட்டுக்குள் தனியாக இருந்தேன். நன்றாகத் தூங்கினேன்.

அங்கே குளிர் ஆரம்பித்திருக்கும், நைட் டியூட்டிக்குப் போகும்போது கம்பளிச் சட்டையைப் போட்டுக்கொள், வெறும் வயிற்றில் டீ குடிக்காதே. கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உன் கைகளின் வேலையை ஆசீர்வதிப்பாராக. ஒன்றை மறந்துவிடாதே. ராத்திரி முழுக்க அப்பாவுக்குக் காவல் இருந்ததற்கு ஜெயபாய் அத்தைக்கு நன்றி சொல்லித் தனியாக ஒரு கடிதம் போடு. அறைக்குள் ஒருவரும் இல்லை என்பது அவளுக்கு இன்னும் தெரியாது.

உன் அம்மா,
மெர்சி ஜெயசிங்