சமாதியானவருக்கு அழக்கூடாதாம்

என்னங்க,

இப்படித்தான் உங்களைக் கூப்பிட்டுப் பழக்கம். பெயரை எழுதிக் கடிதத்தைத் தொடங்கலாம் என்று பார்த்தேன், கூச்சமாக இருக்கிறது. ஊருக்கு அந்தக் கூச்சமெல்லாம் இல்லை. உங்கள் பெயருக்குப் பின்னால் 'சுவாமிகள்' என்று போட்டு, பெரம்பலூர் பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் பிளெக்ஸ் கட்டியிருக்கிறார்கள். பம்பு மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டிவிட்டு, கையெல்லாம் வார்னிஷ் நாற்றத்தோடு வந்து சோறு கேட்ட மனிதரைச் சுவாமிகள் என்று படிக்கும்போது சிரிப்பு வருகிறது.

நீங்கள் போய் ஒரு வருஷம் ஆகிவிட்டது. நேற்று உங்கள் சமாதியில் முதல் குருபூஜை. அங்கே நடந்ததை நான் சொல்லாவிட்டால் வேறு யார் உங்களுக்குச் சொல்லப்போகிறார்கள்?

நீங்கள் போன அன்று நடந்ததும் உங்களுக்குத் தெரியாது அல்லவா, அதிலிருந்தே சொல்கிறேன். காலையில் எழுந்ததும், "நெஞ்சு கரிக்குது புள்ள, செத்த உக்காந்தா சரியாப் போயிடும்" என்று சொல்லிவிட்டுச் சாமி ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்தினீர்கள். நீங்கள் தியானத்தில் உட்கார்ந்தால் யாரும் கூப்பிடக்கூடாது என்பது நம் வீட்டுச் சட்டம். இட்லி ஆறிப்போனது. கடைச் சாவி வாங்க வந்த உங்கள் தம்பிதான் பொறுக்க முடியாமல் கதவைத் தள்ளினார். சுவரில் முதுகு சாய்ந்து, கை மடியில் கிடக்க, கண்ணை மூடியபடி இருந்தீர்கள். டாக்டர் வந்து பார்த்து மாரடைப்பு என்றார். உங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தியானக் கூட்டத்துக்குத் தலைவரான வாத்தியார் ஐயா வந்து பார்த்துச் சமாதி என்றார். ஊரோ டாக்டரை விட்டுவிட்டு வாத்தியாரைப் பிடித்துக்கொண்டது.

அப்புறம் எல்லாம் அவர்கள் கையில். பாடை கட்டவில்லை, பறை அடிக்கவில்லை, கொள்ளி வைக்கவில்லை. வாலிகண்டபுரத்துப் பக்கம் இருக்கிற நம் சோளக்காட்டில் குழி வெட்டி, உட்கார்ந்தபடியே உங்களை இறக்கி, விபூதியும் உப்பும் வில்வமும் கொட்டி மூடினார்கள். நான் கதறிக்கொண்டு ஓடினேன். கூட்டத்துப் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள். "அழக்கூடாதுங்கம்மா. சமாதியானவருக்கு அழுதா அவங்க பயணம் தடைபட்டுடும். நீங்க குடுத்து வச்சவங்க" என்றார்கள்.

என் அக்கா ஜெயங்கொண்டத்திலிருந்து பஸ் பிடித்து வந்து, தெருமுனையிலேயே மாரில் அடித்துக்கொண்டு ஒப்பாரியைத் தொடங்கினாள். யாரோ ஓடிப்போய், "சத்தம் போடாதீங்க, இது சாவு வூடு இல்ல" என்றார்கள். "சாவு வூடு இல்லாம கல்யாண வூடாடா இது?" என்று கத்தினாள். அவள் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியுமே. அவளையே அடக்கி உட்கார வைத்துவிட்டார்கள்.

என் தாலியையும் எடுக்கவில்லை. நீங்கள் சாகவே இல்லையாம், ஆகவே எனக்குப் பூவும் பொட்டும் உண்டாம். அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் புருஷனைப் பறிகொடுத்தவள் மாதிரி ஒருநாள், ஒரே ஒருநாள், தரையில் விழுந்து அழ விட்டிருக்கலாம். அதற்குப் பதிலாக என் காலில் வந்து விழுந்தார்கள். காலில் விழுகிறவர்கள் முன்னால் எப்படிங்க மூக்கைச் சிந்துவது? வருஷம் முழுக்க அழுகையை விழுங்கி விழுங்கி எனக்குச் சோறே இறங்கவில்லை.

நேற்றைய குருபூஜைக்கு என்னைப் பேசச் சொன்னார்கள். "ஐயா உள்ளுக்குள்ள கண்ட ஒளியப் பத்தி நாலு வார்த்தை சொல்லுங்கம்மா, நாலு பேருக்கு வழி தெரியும்" என்றார் வாத்தியார் ஐயா. நீங்கள் உள்ளே என்ன கண்டீர்கள் என்று எனக்குத்தான் தெரியுமே.

ரோட்டோரம் காயப்போட்ட மக்காச்சோளத்தை இரண்டு பேரும் துழாவிக்கொண்டிருந்த அந்தச் சாயங்காலம் நினைவிருக்கிறதா? நீங்களாகத்தான் பேச்சை எடுத்தீர்கள். "எல்லாரும் புருவ மத்தியில ஒளி தெரியுதுங்கறாங்க. எனக்கு ஒண்ணும் தெரியல புள்ள. கண்ண மூடுனா நம்ம வெண்ணிலாதான் வரா. யூனிபார்மோட வந்து நிக்கிறா. அவளப் பாக்கத்தான் தெனம் போய் உக்காருறேன்."

நம் ஒரே பிள்ளை. ஏழாவது படிக்கும்போது காய்ச்சல் என்று திருச்சி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம், உயிரோடு திரும்பவில்லை. அதற்குப் பிறகு நான் அடுப்படியில் அழுதேன், கிணற்றடியில் அழுதேன், பஸ்ஸில் போகும்போதுகூட அழுதேன். நீங்கள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாமல் கண்ணை மூடி உட்காரப் பழகினீர்கள். ஆன்மாவைத் தேடிப் போகிற மனிதருக்குப் பெற்ற பிள்ளை மறந்துவிட்டது என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். நீங்கள் அவளிடம்தான் போய்க்கொண்டிருந்தீர்கள் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குப் பொறாமையாகக்கூட இருந்தது.

"எனக்கு ஏங்க வர மாட்டேங்கறா?" என்று கேட்டேன்.

சோளத்தைக் காலால் தள்ளிக்கொண்டே வேறு ஒன்று சொன்னீர்கள். "அவ வளரவே இல்ல புள்ள. எனக்குத்தான் தல நரச்சிப்போச்சி. ஆனா உள்ள ஒருத்தன் அவளப் பாத்துக்கிட்டே இருக்கான் பாரு, அவனும் நரைக்கல. அன்னிக்கி எப்படிப் பாத்தானோ அப்படியே இன்னிக்கும் பாக்குறான். அவன் யாருன்னுதான் தெரியல. அவனத்தான் ஆன்மாங்கறாங்களோ என்னவோ."

"மழ வர மாரி இருக்கு, சோளத்த அள்ளுங்க" என்றேன். நீங்களும் அள்ளினீர்கள். அந்தப் பேச்சை அதற்குப் பிறகு நாம் எடுக்கவே இல்லை.

நேற்று மைக்கைக் கையில் கொடுத்ததும் இதையெல்லாம் அப்படியே சொல்லிவிட்டேன். "எங்க வூட்டுக்காரரு ஒளியப் பாக்கலைங்க. செத்துப்போன எங்க புள்ளயப் பாக்கப் போனாரு. போனவரு வரல. எனக்கு அவரு வேணுங்க" என்றேன். உங்கள் சமாதி மேடையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன். யாரோ மைக்கை அணைத்தார்கள். அழுவதற்கு மைக் எதற்கு? அக்காவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து ராகம் போட்டாள். அன்றைக்கு என் கையைப் பிடித்து நிறுத்தினவர்களில் ஒருத்தி, மகனைப் பறிகொடுத்தவள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு தேம்பினாள். சிலர் முகம் சுளித்துச் சாப்பிடாமலே போய்விட்டார்கள். போகட்டும், சாம்பார் மிச்சமானது.

கூட்டம் கலைந்த பிறகு வாத்தியார் ஐயா என்னிடம் வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "புள்ள வந்து நிக்கிறத அவரு எங்கிட்டயும் சொல்லியிருக்காரும்மா. அது மாயை, அதத் தள்ளிட்டு உள்ள போங்கன்னு நான்தான் சொன்னேன். அவளத் தள்ளிட்டு நான் எங்க சார் போறதுன்னு கேட்டாரு." என்று சொல்லிவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் போய்விட்டார்.

இன்று காலை நான் சாமி ரூமில் உங்கள் இடத்தில் உட்கார்ந்து பார்த்தேன். கண்ணை மூடினால் பக்கத்து வீட்டுக் குக்கர் விசில்தான் கேட்கிறது. வெண்ணிலா வரவில்லை. நீங்களும் வரவில்லை. இரண்டு பேரும் இப்போது ஒரே இடத்தில்தான் இருக்கிறீர்களா? அவள் உங்களை நரைத்த தலையோடு பார்த்து அடையாளம் கண்டுகொண்டாளா? அம்மாவைக் கேட்டாளா? எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அழுகிறது யார் என்று உங்களைப் போலவே உள்ளே கேட்டுப் பார்த்தேன். அழுகைதான் கூடியது.

அழுதால் உங்கள் பயணம் தடைபடும் என்கிறார்களே, படட்டுமே. என்ன அவசரம் உங்களுக்கு, கொஞ்சம் நின்றுதான் போங்களேன்.

இனி தினமும் உட்காருவேங்க. தினமும் அழுவேன், எவர் வந்து கையைப் பிடித்தாலும் விடப்போவதில்லை. அழுது அழுது எல்லாம் தீர்ந்த பிறகு உள்ளே யார் மிச்சம் இருக்கிறாள் என்று பார்த்து, உங்களுக்குக் கட்டாயம் சொல்கிறேன்.

உங்கள் வீட்டுக்காரி,
வெண்ணிலாவின் அம்மா,
செல்வமணி