தோலுக்கு அடியில் ஒரு போர்ட்

அன்பு மகனுக்கு ஸலாம்.

"அம்மா ஸ்கூலுக்கே போகல சார், இதெல்லாம் புரியாது. கையிலயே டியூப் போட்டுடுங்க" என்று என் எதிரிலேயே டாக்டரிடம் சொன்னாயே, அது நீ எனக்குச் செய்த அநியாயம். எழுத்தை நானே கற்றவள் நான். கீமோ ஏறுவதும் என் உடம்பில்தான்.

நீ கோபித்துக்கொண்டு சிங்கப்பெருமாள் கோவில் ஊரில் இருக்கும் உன் வீட்டுக்குப் போன பிறகு நர்ஸ் கைனாத்திடம் கேட்டேன். கையில் போட்டால் குழாயின் முனை வெளியே இருக்கும், தண்ணீர் படக்கூடாது என்றாள்.

"அப்ப தொழுகைக்கு முன்னாடி கை கால் கழுவி ஒளு எப்படி செய்யறது?"

"அதுக்கு போர்ட் இருக்கும்மா. மருந்து ஏத்தற குட்டி டப்பி, நெஞ்சுல தோலுக்குள்ள வெச்சுத் தைச்சுடுவாங்க. சின்ன ஆபரேஷன், பயமா இருக்கா?"

"கத்தி பிடிக்கிறவருக்கு பயம் இல்லன்னா எனக்கும் இல்ல."

சம்மதத் தாளில் நானே கையெழுத்துப் போட்டேன்.

புண் ஆறிவிட்டது. தொட்டால் தோலுக்கு அடியில் சட்டைப் பொத்தான் போல ஒரு மேடு. அதிலிருந்து ஒரு குழாய் இதயத்தின் வாசல்வரை போகிறதாம். முன்பு என் கை நரம்பைக் கருக்கிய அதே மருந்து இன்று அங்கே ஓடும் ரத்த வெள்ளத்தில் சுடாமல் கலந்தது. ஊசியை எடுத்ததும் தோல் மூடிக்கொண்டது. வீட்டுக்கு வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்து ஒளுவுக்கு முழங்கைவரை கழுவினேன். எனக்குள் இவ்வளவு பெரிய ஆறு ஓடுவது இந்த வயதில்தான் தெரிகிறது. சுப்ஹானல்லாஹ்!

போர்ட் அடைக்காமல் மாதாமாதம் மருந்து விட்டுக் கழுவுவது கைனாத்தின் பொறுப்பு. மருமகள் காரம் குறைத்துச் சமைத்து அனுப்பட்டும். அடுத்த கீமோவுக்கு நீ கூட வா. டாக்டர் உன்னைப் பார்த்துக் கேட்டால், பேசாமல் என்னைக் கை காட்டு.

உன் அம்மா