மணலில் உட்கார்ந்த பிள்ளை

மே 5, செவ்வாய்

வெயில் ஏறுமுன் துணி துவைத்துப் போட்டாயிற்று. பேத்தி ஜோசலின் கடற்கரைக்குப் போட்டுப் போகும் துணியை மட்டும் கையால் துவைக்கிறேன். மணல் உள்ளே போனால் மெஷின் கெட்டுவிடும் என்கிறாள் மருமகள் கிருபா. ஒன்பதாவது முடித்த பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் கோவளத்துக்குப் பயிற்சி என்று கூட்டிப் போகிறார்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு சேலையூர் முனையில் வேன். துடுப்புப் படகு, அலைமேல் நிற்கிற பலகை, கயிறு பிடித்து ஏறுவது எல்லாம் உண்டாம். மகன் ஆரோன் மஸ்கட்டிலிருந்து போனிலேயே சரி என்று சொல்லிவிட்டான். என்னை யார் கேட்டார்கள்?

இன்று இரண்டாம் நாள். திரும்பி வந்தபோது பேண்ட்டின் பின்பக்கம் மட்டும் மணல். முட்டியில் இல்லை, சட்டையில் இல்லை. பட்டினப்பாக்கத்தில் இருபத்திரண்டு வருஷம் குடியிருந்தவள் நான். கடல்தண்ணீர் பட்ட துணி காய்ந்தால் அப்பளம் மாதிரி விறைத்துக்கொள்ளும். இது விறைக்கவில்லை.

"இன்னாடி, கடல்ல எறங்குனியா?"

"எறங்குனேன் ஆயா."

"படகு ஓட்டுனியா?"

"ம்."

அந்த "ம்" எனக்குப் பிடிக்கவில்லை.

மே 6, புதன்

இன்றும் பின்பக்கம் மட்டும்.

மே 7, வியாழன்

கிருபாவின் போனில் தினமும் போட்டோ அனுப்புகிறார்கள். வாங்கிப் பார்த்தேன். ஆரஞ்சு நிறத்தில் மிதக்கிற சட்டை போட்ட பிள்ளைகள் பதினெட்டு. மூன்று தடவை எண்ணினேன். வேனில் போவது பத்தொன்பது. எங்கள் வீட்டுப் பிள்ளை எதிலும் இல்லை.

"போட்டோ எடுக்கறப்போ அந்தப் பக்கம் நின்னிருப்பா அத்தை. உங்களுக்கு எல்லாத்துலயும் சந்தேகம்" என்றாள் கிருபா. 2011இல் இந்தப் பிள்ளையின் ஞானஸ்நானத்துக்கு என் தங்கையைக் கூப்பிட மறந்தவள் இவள். இவள் கண்ணில் எது படும்?

எங்கே போகிறாள்? யாரோடு உட்கார்ந்திருக்கிறாள்? சொல்லிக்கொடுக்கிறவன் பெயர் அசார் என்கிறார்கள், கோவளத்துப் பையன். போட்டோவில் முடியைப் பின்னால் கட்டியிருக்கிறான். ஒரு பிள்ளை நாலு நாளாகத் தண்ணீரில் இறங்கவில்லை என்றால் வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்ல மாட்டானா? ஏதோ மறைக்கிறார்கள். சனிக்கிழமை நானே போகிறேன்.

மே 9, சனி

"பெரியவங்களுக்கு சீட் இல்லம்மா" என்றார் வேன்காரர். ஏறி உட்கார்ந்துவிட்டேன். வழிநெடுக ஜோசலின் என் பக்கம் திரும்பவில்லை.

பதினெட்டுப் பிள்ளைகளும் தண்ணீரில். என் பேத்தி தார்ப்பாயில். மற்றவர்களின் செருப்பும் டவலும் அவளைச் சுற்றி. கழுத்தில் விசில். தண்ணீருக்குள் தெரிகிற தலைகளை எண்ணி எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண் ஈரம் சொட்ட வந்து, "ஜோ, என் கிளிப்ப வெச்சிக்கோ" என்று போட்டுவிட்டு ஓடினாள். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

அசாரைக் கூப்பிட்டேன். "ஏம்ப்பா, எம் பேத்தி செருப்புக்குக் காவல் இருக்கவா வந்துகீறா?"

"கோச்சுக்காதீங்க ஆயா. அவளுக்கு வீசிங்னு ஃபாரத்துல போட்டுகீது. அலைக்கு நடுவுல மூச்சு அடைச்சுக்கினா நான் இன்னா பண்றது? சும்மா உக்கார வேணாமேன்னுதான் விசிலக் குடுத்தேன்."

"யாரு போட்டது?"

"ஸ்கூல்லேர்ந்து வந்துச்சு. மெட்டில்டா மிஸ் கையெழுத்து."

"அந்தப் பொம்பளைக்கு எம் பேத்தி மேல எப்பவும் ஒரு கண்ணு" என்று கடற்கரையே கேட்கக் கத்தினேன்.

அவன் பொறுமையாகத்தான் பேசினான். "வீசிங் இல்லன்னு டாக்டர் லெட்டர் கொண்டாங்க. பதினாறாந்தேதி கடைசி நாள். எல்லாரும் படகுல அலையத் தாண்டிப் போயி மிதவையச் சுத்திட்டு வரணும். அதுக்கு மூணு நாளாச்சும் தண்ணில பழகணும். செவ்வாக்கெழமக்குள்ள வந்தா ஏத்திக்கிறேன். அப்பால முடியாது ஆயா."

திரும்பும்போது ஜோசலின் என் காதோடு சொன்னாள். "எனக்கு வீசிங் இருக்குல்ல ஆயா. என்னை எறக்க மாட்டேங்கிறாங்கன்னு தெரிஞ்சா நீ இதுக்கே அனுப்பமாட்ட. அதான் சொல்லல."

அந்தப் பிள்ளை நம்புகிறது.

மே 10, ஞாயிறு

சர்ச்சில் மெட்டில்டா மிஸ் இரண்டு வரிசை முன்னால். நான் பாட்டுப் புத்தகத்தைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

எழுதிவிடுகிறேன். எனக்கு மறதி கிடையாது. அசார் வாயில் அந்த வார்த்தை வந்தவுடனே தேதியோடு எனக்கு வந்துவிட்டது. 2022 ஜூன் 20, திங்கள். ஆறாம் வகுப்பு. ஓட்டப்பந்தயத்துக்கு இவள் பெயரைச் சேர்த்திருந்தார்கள். தினம் மைதானத்தில் ஓடிக் கறுத்துப்போய் வந்தாள். நான்தான் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். பிள்ளைக்கு இளைப்பு, வெயிலில் விடாதீர்கள் என்று மெட்டில்டா மிஸ்ஸிடம் சொன்னது நான்தான். ஜோசலினிடமும் சொன்னேன் — உனக்கு மூச்சு வாங்கும், ஓடாதே, அம்மாவிடம் சொன்னால் பயப்படுவாள், சொல்லாதே. அன்றைக்கு நின்றவள்தான். அப்புறம் ஓடவில்லை.

1973இல் என்னைப் பெண் பார்க்க வந்த ஏசுபாதத்தின் அம்மா, குடித்த காபியை வைத்துவிட்டு என் முன்னாலேயே "நிறம் கம்மி" என்றாள். எழுந்து போனார்கள். என் பேத்திக்கு அது நடக்கக் கூடாது என்று நினைத்தேன். அது தப்பா? தப்பில்லை என்றால் நேற்று ஏன் வாயை மூடிக்கொண்டு வந்தேன்? மூடவும் இல்லையே. இன்னொருத்தியை அல்லவா திட்டிவிட்டு வந்தேன்.

கிருபாவிடம் சொல்ல வேண்டும். இரண்டு தடவை அடுப்படி வரை போய்த் திரும்பிவிட்டேன்.

மே 11, திங்கள்

காலையில் கிருபாவிடம் சொன்னேன். கத்துவாள் என்று பார்த்தேன். "கிளம்புங்க அத்தை" என்றாள், அவ்வளவுதான். கத்தியிருக்கலாம்.

முதலில் மெட்டில்டா மிஸ் வீடு. உட்காரச் சொன்னார். உட்காரவில்லை. "நான் அன்னிக்குச் சொன்னது பொய்" என்றேன்.

"எனக்கும் அப்பவே சந்தேகம்தாம்மா. மூச்சு வாங்குற பிள்ள மாடிப்படிய ரெண்டு ரெண்டா தாவாது."

"அப்போ ஏன் எழுதுனீங்க?"

"பெரியவங்க நேர்ல வந்து சொல்றீங்க. எழுதாம விட்டு, நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு வாசல்ல வந்து நிப்பீங்க?"

தெரிந்தும் நாலு வருஷம் சும்மா இருந்தார் என்பதை இங்கே எழுதி வைக்கிறேன். பக்கத்தில் என் பெயரையும் எழுத வேண்டியிருக்கிறது. தபீதாள்.

அங்கிருந்து டாக்டரிடம். ஜோசலினைக் குழாயில் ஊதச் சொன்னார், முதுகில் வைத்துக் கேட்டார். "இந்தப் பிள்ளைக்கு வீசிங்னு யாரு சொன்னது?"

"நான்" என்றேன்.

ஜோசலின் என்னைப் பார்த்தாள். "அப்போ எனக்கு ஒண்ணுமே இல்லியா? நாலு வருஷமா?"

"வெயில்ல கறுத்துடுவியேன்னு..." என்று ஆரம்பித்தேன். அவள் எழுந்து அம்மா பக்கம் போய் நின்றுகொண்டாள்.

மே 12, செவ்வாய்

லெட்டர் கொடுத்தாயிற்று. என்னோடு பேசவில்லை.

மே 13, புதன்

பேசவில்லை. நான் சோறு போட்டால் தட்டை எடுத்துக்கொண்டு அம்மாவிடம் போகிறாள்.

மே 14, வியாழன்

அசார் போன் பண்ணினான். "தண்ணி இடுப்புக்கு வந்ததும் நெஞ்சப் புடிச்சிக்கினு நின்னுட்றா ஆயா. வரப்போவுது, வரப்போவுதுன்றா. ஒண்ணும் வரல. மூணு நாளா இதான். இன்னும் நாளைக்கு ஒரு நாள்தான் கீது. நீங்க ஒரு வார்த்த சொல்லுங்க."

கிருபா இருக்கும்போது எனக்கு ஏன் பண்ணினான்? அன்றைக்குக் கத்தியதற்குக் குத்திக் காட்டுகிறானா?

நான் ஒரு வார்த்தை சொல்லித்தானே இந்தக் கதி. இல்லாத நோயை உள்ளே வைத்தாயிற்று. எடுக்க எந்த டாக்டரிடம் போவது?

தலை வாரிக்கொண்டிருந்தாள். பின்னால் நின்று சொன்னேன். "வராதுடி. உள்ள ஒண்ணுமே இல்ல. நான் சொன்ன பொய் மட்டும்தான் கீது." சீப்பு ஒரு நொடி நின்றது. பிறகு வாரினாள்.

மே 15, வெள்ளி

பேசவில்லை. நாளைக்கு இறங்குவாயா என்று கிருபா கேட்டதற்கு "பாப்போம்" என்றாளாம்.

மே 16, சனி

இன்று வீட்டார் எல்லாரும் வரலாம் என்றிருந்தார்கள். "ஆயா வரக் கூடாதுன்னு சொல்றா அத்தை" என்றாள் கிருபா. சந்தோஷமாகச் சொன்னாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. அவள் மட்டும் போனாள். நான் ஜெபம் பண்ணினேன். அரிசியில் கல் பார்த்தேன். பார்த்த அரிசியையே இன்னொரு தடவை பார்த்தேன்.

பதினொன்றரைக்கு வந்தார்கள். கட்டிலைவிட்டு நான் எழுந்திருக்கவில்லை. கேட்டது ஜோசலின் குரல்.

"மிதவையச் சுத்தித் திரும்பறப்போ கவுந்துட்டேன்மா. மூக்குல தண்ணி ஏறிக்கிச்சு. அசார் அண்ணா வர்றதுக்குள்ள நானே படகப் பெரட்டி ஏறிட்டேன். கரைக்கு வந்தா மூச்சு வாங்குது. போச்சுடா, வந்துடுச்சுன்னு நெனச்சேன். திரும்பிப் பாத்தா எல்லாருக்கும் வாங்குது. அந்தத் தடியன் எட்மண்டுக்குக்கூட."

மின்விசிறியை நிறுத்திவிட்டுக் கேட்டேன்.

கிருபா அடுப்படியில் இருந்தாள், குழாய்ச் சத்தம் அங்கிருந்துதான் வந்தது. அவள்தான் கடற்கரையில் நின்று எல்லாவற்றையும் பார்த்துவிட்டு வந்தவளாயிற்றே. அவளுக்கு இதை மறுபடி ஏன் சொல்ல வேண்டும், அதுவும் என் அறை வாசலில் நின்றுகொண்டு, இவ்வளவு சத்தமாக?