ஆயில் கலக்காத குற்றம்

மார்ச் 3

மச்சானுக்கு,

நலம் விசாரித்து எழுதும் மனநிலையில் நான் இல்லை. உங்கள் வீட்டு வாசலில் மூன்று முறை வந்து நின்றுவிட்டேன். மூன்று முறையும் "அவ தூங்குறா" என்று சொல்லித் திருப்பி அனுப்பினீர்கள். காலை பதினொரு மணிக்கு வந்தாலும் தூக்கம், சாயங்காலம் நாலு மணிக்கு வந்தாலும் தூக்கம். அப்படித் தூங்கும் பெண்ணை நான் கல்யாணம் செய்யவில்லை. போனையும் எடுப்பதில்லை. கடிதமென்றால் கிழிப்பதற்கு முன்னாலாவது ஒரு தடவை படிப்பீர்கள் என்றுதான் எழுதுகிறேன்.

வண்டி கவிழ்ந்து ஐந்து மாதம் ஆகிறது. ஆஸ்பத்திரி வராந்தாவில் அத்தனை பேர் முன்னால், "இந்த மடையன் ஆயில் கலக்காம வெறும் பெட்ரோலை ஊத்திட்டான், அதான் இன்ஜின் ஜாம்" என்றீர்கள். நான் வாயைத் திறக்கவில்லை. டூ-ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோலோடு ஆயிலையும் கலந்து ஊற்ற வேண்டும் என்பது எனக்குத் தெரியாதா? அன்று கலந்தேனா என்பதுதான் ஞாபகம் இல்லை. வீட்டைப் பூட்டினோமா என்று பாதி வழியில் யோசிப்போமே, அப்படி. கலக்கவில்லை என்று நீங்கள் சொன்னதும் கலக்கவில்லை என்றே நானும் நம்பிவிட்டேன்.

சரி, தப்பு என்னுடையது. அதற்குத் தூக்கிலா போட வேண்டும்? அந்த வண்டியை நான் ஒருவனா செய்தேன்? நாற்பது வருஷத்துப் பழைய இன்ஜினைக் காயலான் கடையில் கண்டுபிடித்து, கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக் கொண்டுவந்தவர் நீங்கள். சிலிண்டரின் உட்புறத்தைக் கடைந்து, 'போர்' செய்து, புது பிஸ்டன் போட்டவரும் நீங்கள். ஃபிரேம், டேங்க், சைலன்சர் என் கைவேலை. சீட் தைத்தது உங்கள் தங்கை. மூன்று பேர் சேர்ந்து செய்த வண்டிக்கு நான் மட்டும் குற்றவாளி!

ஞாயிற்றுக்கிழமை வாடகைக் காரோடு வருகிறேன். என் மனைவியை அனுப்பி வையுங்கள்.

இப்படிக்கு,
பொறுமை தீர்ந்துபோன மாப்பிள்ளை


மார்ச் 9

மாப்பிள்ளைக்கு,

காரைக் கொண்டுவந்து நிறுத்தி, அரை மணி நேரம் ஹாரன் அடித்துக் கூத்தாடிவிட்டுப் போனாயே, தெருவே வேடிக்கை பார்த்தது. திருப்தியா?

தூக்கிலா போட வேண்டும் என்று கேட்கிறாய். என் தங்கையின் காலுக்குள் ஒரு சாண் கம்பி வைத்துத் தைத்திருக்கிறார்கள். பின்சீட்டில் உன்னை நம்பி உட்கார்ந்தவள் அவள். ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் சக்கரம் இறுகி நின்று அவளைத் தூக்கி எறிந்தது. ஒரு சின்னக் குப்பி ஆயில். பள்ளிக்கூடப் பிள்ளைகூடக் கலக்கும். அதற்குத் துப்பில்லாதவனுக்குப் பெண்டாட்டி ஒரு கேடா?

முப்பது வருஷமாக லேத் பட்டறையில் நிற்கிறேன். நான் போர் செய்த சிலிண்டரை "லூஸ்" என்று ஒருவன் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. உன் மறதியால் என் பேரும் சேர்ந்து நாறுகிறது.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். ஃபிரேமை வெட்டு, டேங்கை எடைக்குப் போடு, உன் இஷ்டம். இன்ஜினை மட்டும் திறக்காதே. அப்படியே கழற்றிச் சாக்கில் கட்டி வை. கடை ஆளை அனுப்புகிறேன். அது நான் வாங்கியது. நீ நோண்டினால் மிச்சமும் பாழாகும்.

உன் மச்சான்


மார்ச் 16

டேய் லேத்து,

கல்யாணத்துக்கு முன்னால் உன்னை இப்படித்தான் கூப்பிட்டேன். பெண் கொடுத்தவன் என்பதற்காகப் பத்து வருஷம் "நீங்கள்" போட்டேன். அது இன்றோடு முடிந்தது.

திறக்காதே என்று நீ எழுதாமல் இருந்திருந்தால் திறந்திருக்கவே மாட்டேன். ஐந்து மாதமாக அந்த வண்டிமேல் கிடக்கும் தார்ப்பாயைக்கூட நான் விலக்கவில்லை. எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று நீயே கத்திவிட்டாய்.

சிலிண்டர் லேசில் வரவில்லை. மரச்சுத்தியால் தட்டித் தட்டி எடுத்தேன். பிஸ்டனில் நான்கு கீறல். நாலு பக்கமும் மேலிருந்து கீழாக, அளந்து போட்ட மாதிரி. மற்ற இடமெல்லாம் பளபளப்பு. ஆயில் இல்லாமல் ஓடியிருந்தால் சுற்றிலும் அல்லவா உரிந்திருக்கும்? கீழே கிராங்க் பெட்டிக்குள் விரலை விட்டேன். வழுவழுவென்று, பெட்ரோலில் கலக்கிற அதே டூ-டி ஆயில். முகர்ந்து பார்த்துவிட்டு அழுதேன். அதை எழுத எனக்கு வெட்கமில்லை. கலந்திருக்கிறேன்டா!

அப்படியும் நம்பாமல் சிலிண்டர், பிஸ்டன் இரண்டையும் இன்னொரு மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அளந்து பார்த்துவிட்டு, "யாருங்க இவ்வளவு டைட்டா போர் பண்ணது? சூடானா பிஸ்டன் விரிய இடம் வேணாமா? இருக்க வேண்டிய கேப்ல பாதிகூட இல்லையே" என்றார். யார் என்று நான் சொல்லவில்லை. அந்த மரியாதையாவது உனக்கு மிஞ்சட்டும்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயே. கூடப் பிறந்தவளின் காலை உடைத்துவிட்டு, பழியை அவள் புருஷன் தலையில் கட்டிவிட்டு, "உன்னை நம்பி உட்கார்ந்தவள்" என்று எனக்கே பாடம் வேறு. ஐந்து மாதமாக, வெல்டிங் வைத்த இடத்தையே மறுபடி மறுபடி தட்டிப் பார்க்கிறேன். பூட்டிய கதவைத் திரும்பி வந்து மூன்று முறை இழுத்துப் பார்க்கிற பைத்தியமாகிவிட்டேன். உனக்கு எப்போது தெரியும்? அதை மட்டும் சொல்.

இந்தக் கடிதத்தை அவளிடம் படித்துக் காட்டு. காட்டாவிட்டால் பிஸ்டனோடு வந்து உன் கடை வாசலில் நின்று நானே படிப்பேன்.

வெல்டர்


மார்ச் 23

மாப்பிள்ளை,

படித்துக் காட்டிவிட்டேன். அவள் கடிதத்தை வாங்கி மடித்து என்னிடமே திருப்பித் தந்தாள்.

எப்போது தெரியும் என்று கேட்டாய். ரோட்டிலேயே தெரியும். அதற்கு முன்னால் லேத்திலேயே தெரியும். பிஸ்டனைக் கையால் உள்ளே தள்ளும்போதே இறுக்கம். இன்னும் கொஞ்சம் தேய்க்கணும் என்று கை சொன்னது. ஓட ஓட லூஸ் ஆகிடும் என்று வாய் சொன்னது. என் வேலையை ஒருவன் லூஸ் என்று சொல்லிவிடக் கூடாது, அந்தத் திமிர். மற்ற வண்டிகளில் செல்லும். இந்தப் பழசில் செல்லவில்லை.

ஆஸ்பத்திரியில் எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். ஆயில் என்று வாயில் வந்துவிட்டது. "கலந்தேன்யா" என்று நீ ஒரு சத்தம் போட்டிருந்தால் அங்கேயே உண்மையைச் சொல்லியிருப்பேன். நீ தலையைக் குனிந்தாய். ஏன்டா குனிந்தாய்? எனக்கு உன்மேல் வந்த ஆத்திரமெல்லாம் அதனால்தான். நீ குனியக் குனிய நான் கொட்டினேன்.

மன்னிப்புக் கேட்டுப் பழக்கமில்லை, கேட்கவும் தெரியவில்லை. இன்ஜினை அனுப்பு. சரியான அளவுக்கு போர் செய்து, நானே வந்து பூட்டித் தருகிறேன். வண்டி மறுபடி ஓடிவிட்டால் எல்லாம் தன்னால் சரியாகும். அவளையும் நானே கொண்டுவந்து விடுகிறேன்.

லேத்து


மார்ச் 23

உங்களுக்கு,

அண்ணன் கடிதமும் இதுவும் ஒரே உறையில் வருகின்றன. அவர் எழுதுவார், மூடாமல் மேசையில் போட்டுவிட்டுக் கடைக்குப் போய்விடுவார். ஒட்டித் தபாலில் சேர்ப்பது நான். நீங்கள் எழுதியவற்றை மைக்ரோமீட்டர் பெட்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தார். எல்லாவற்றையும் அப்போதே படித்துவிட்டேன்.

நீங்கள் வாசலுக்கு வந்த மூன்று முறையும் நான் தூங்கவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். "மச்சான், அந்த ஆயில் விஷயம்" என்றுதான் மூன்று முறையும் ஆரம்பித்தீர்கள். "தூங்குறேன்னு சொல்லுண்ணா" என்று சொன்னது நான்.

வண்டி ஏன் நின்றது என்று உங்கள் இருவரில் யாரிடமாவது நான் கேட்டேனா? அன்று ரோட்டோரம் கால் ஒரு பக்கம் திரும்பிக் கிடந்தேன். நீங்கள் எழுந்து போய்க் கிக்கரை மிதித்துப் பார்த்தீர்கள். பின்னால் ஸ்கூட்டரில் வந்த அண்ணன் ஓடிவந்து சிலிண்டரைத் தொட்டுக் கையைச் சுட்டுக்கொண்டார். இரண்டு பேரும் குனிந்துகொண்டு "ஜாம்தான்", "ஜாமேதான்" என்று பேசிக்கொண்டிருந்தீர்கள். என்னைத் தூக்கியது எதிர்க்கடைப் பெண். அந்தக் கோபத்தில்தான் நம் வீட்டுக்கு வரவில்லை. அண்ணன் வீட்டிலும் அதே கோபத்தோடுதான் இருந்தேன், போக வேறு இடம் இல்லாமல்.

நாலு கடிதம் எழுதிக்கொண்டீர்கள். என் காலை இரண்டு பேரும் சாட்சிக்கு இழுத்தீர்கள். இப்போது அது எப்படி இருக்கிறது என்று ஒரு வரி கிடையாது. பிஸ்டனில் எத்தனை கீறல் என்று மட்டும் எண்ணத் தெரிந்தது.

நானே சொல்லிவிடுகிறேன். கம்பு ஊன்றாமல் நடக்க ஆரம்பித்து மூன்று வாரம் ஆகிறது. தபால்பெட்டி வரை யார் போய்வருகிறார்கள் என்று அண்ணன்கூட யோசித்ததில்லை. காலையில் எழுந்ததும் கொஞ்ச நேரம் குத்தும், அப்புறம் போய்விடும்.

வண்டியை ஓட்டுவதா உடைப்பதா என்று நீங்களும் அவரும் பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். என்னை யாரும் கொண்டுவந்து விட வேண்டாம், வந்து அழைக்கவும் வேண்டாம். நாளை முதல், நான் வேலை பார்க்கும் வண்டி சீட் தைக்கிற கடையின் மாடி அறையில் இருப்பேன். தையல் மெஷினை ஏற்றியாகிவிட்டது.

மாடிக்குப் பதினாறு படி. நேற்று ஏறிப் பார்த்தேன். நடுவில் ஒரு தடவைதான் உட்கார்ந்தேன்.

இப்படிக்கு,
சீட் தைக்கிறவள்