பால் வெட்டிய காலத்துச் சட்டிச் சோறு

லகாட் தோட்டம்,
1927 ஆவணி 12

சிரஞ்சீவி அர்ச்சுனனுக்கு அம்மா எழுதிக்கொண்டது. மாரியாத்தாள் புண்ணியத்தில் நான் நடமாடுகிறேன், உன் அப்பாதான் நடமாட்டமில்லாமல் கிடக்கிறார். சிங்கப்பூரில் நீயும் மருமகளும் பேரன் உடையப்பனும் சுகமென்று நானே நினைத்துக்கொள்கிறேன், நீ எங்கே எழுதுகிறாய்.

போன மாதம்தான் ஒரு கடிதம் எழுதினாய். அங்கு வந்த ஐயாவு மாமா பேச்சைக் கேட்டு, அம்மாவுக்குக் கை சுருங்கிவிட்டது, அப்பாவை அரை வயிற்றில் போடுகிறாள் என்று எழுதினாய். உன் அப்பா ரப்பர் மரத்தில் பால் வெட்டிய காலத்தில் விடியுமுன் வெறும் வரக்காப்பியோடு பிரட்டுக்குப் போய் ஆள்கணக்கில் பேர் கொடுத்து, முந்நூறு மரம் வெட்டி, பால் நிறுத்துவிட்டு இரண்டு மணிக்கு வந்து ஒரு சட்டி சோறு தின்பார், செரித்தது. கங்காணியான பிறகு ஆட்களை ஏவிக்கொண்டு குடையைப் பிடித்து நிற்கிற வேலை, சோறு மட்டும் அதே சட்டி. போதாததற்குக் கள்ளுக்கடை அடைத்தபின் இன்னொரு சட்டி, கை காயுமுன் படுக்கை. கங்காணி பெண்சாதி சோற்றை அளப்பாளா என்ற பெருமையில் நானும் ஆக்கிக் கொட்டினேன், என் தப்பை மறைக்கவில்லை.

வைகாசியில் அவர் காலில் முள் குத்திய புண் ஆறவே இல்லை, கணுக்கால் வீங்கிக் கொதித்தது. தோட்டத்து ஆஸ்பத்திரி டிரசர் பஞ்சலிங்கம் மூத்திரத்தைக் காய்ச்சிப் பார்த்துச் சர்க்கரை என்றார். படுக்கப்போற உடம்புக்கு இவ்வளவு சோறு எதுக்கு அம்மா, எரியாத சோறு இரத்தத்திலை சர்க்கரையாய் நிண்டு புண்ணை வேகவைக்குது என்றார். பொழுது இறங்குமுன் அரைச் சோறு, கீரை, பிறகு வெந்நீர் மட்டும் என்று அவர் சொன்னபடி போட்டேன். ஒரு மாதத்தில் வீக்கம் வற்றியதை இந்தக் கண்ணால் பார்த்தேன். அப்போதுதான் உன் கடிதம் வந்தது.

உன் அப்பாவுக்கு எழுத்துத் தெரியாது. ஐந்தாவது படித்த நான்தான் படித்துக் காட்டினேன், அந்த நாலு வரியைப் படிக்காமல் விழுங்கியிருக்கலாம், விழுங்கவில்லை. பாத்தியாடி, கடல் ஓரத்துல இருக்கிற மவனுக்குத் தெரியுது, உனக்குத் தெரியல, ஏத்துடி சட்டிய என்றார். அன்றிலிருந்து பழையபடிதான். இப்போது வீக்கம் திரும்பிவந்து கால் சுண்டுவிரல் கறுத்துவிட்டது. பத்து நாளில் வீக்கம் வற்றாவிட்டால் பாதத்தையே எடுப்பார்கள் என்கிறார் டிரசர்.

நீ வரவேண்டாம், பிஸ்கோத்து டின்னும் அனுப்பவேண்டாம். அப்பா, தெரியாமல் எழுதிவிட்டேன், அம்மா போடுவதை அம்மா போடுகிற நேரத்தில் சாப்பிடுங்கள் என்று உன் கையால் எழுது. என் பேச்சு அவர் காதில் ஏறாது, உன் எழுத்து ஏறும்.

உடையப்பனுக்கு என் ஆசீர்வாதம், அவனுக்குப் பொழுதோடு சோறு போடச் சொல். நீங்களும் நோய் நொடியில்லாமல் இருங்கள், உன்னை வைய வாய் வருகிறது, மனம் வரவில்லை. பதிலை டிரசர் விலாசத்துக்குப் போடு, சீக்கிரம் கிடைக்கும். நீயே எழுத வேண்டும் அர்ச்சுனா. நீ எழுதாததை எழுதினதாக நான் அவருக்குப் படிக்க மாட்டேன், கால் போனாலும்.

இப்படிக்கு,
உன் அம்மா
கருப்பம்மாள்